அரை மாத்திரை

முதலில் தெரிந்தது பாவாடை நாடாவில்தான். லூர்து அக்கா வழக்கமாக முடிச்சுப் போடுகிற இடத்துக்கு நாடா எட்டவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது, இடுப்பு மட்டும் பெருக்கிறது, இது என்னடி கணக்கு என்று போனில் சிரித்தாள். வாயுவாக இருக்கும் என்றேன். இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிற நான், சொந்த அக்காவுக்கு இரண்டு மாதம் வாயு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா விஷயத்தில் நான் செய்த தப்புகளில் இது சின்னது.

அக்கா ஆவூரில் இருந்தாள். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்து பல வருடமாகிறது. ஒரே மகன் அருள் குவைத்தில் வேலை பார்க்கிறான். நான் புதுக்கோட்டையில் ஒரு வலி தணிப்புப் பிரிவில் (குணமாக்க முடியாத நோயாளிகளின் வலி, மூச்சுத்திணறல், புண் போன்றவற்றைக் கவனிக்கிற பிரிவு) நர்சாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. வேனில் ஊர் ஊராகப் போய், வீட்டில் படுத்திருப்பவர்களைப் பார்ப்போம்.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் புற்றுநோய் (கருமுட்டை உருவாகும் உறுப்பில் வருவது, வயிறு உப்பும்வரை பெரும்பாலும் வெளியே தெரியாது). அறுவை சிகிச்சை, ஆறு முறை கீமோ. முடி கொட்டியபோது அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனாள். எட்டு மாதம் நன்றாக இருந்தாள். ஒன்பதாம் மாதம் நாடா மறுபடி எட்டவில்லை. இந்த முறை நான் வாயு என்று சொல்லவில்லை.

இரண்டாவது முறை டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இன்னொரு மருந்து இருக்கிறது, கொடுத்தாலும் சில மாதம் கூடலாம், அந்தச் சில மாதத்தில் பாதி ஆஸ்பத்திரியில் போகும் என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நான் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆவூருக்குப் போனேன். எங்கள் பிரிவின் நோயாளிப் பட்டியலில் அக்காவின் பெயரும் ஏறியது. வாரத்துக்கு இரண்டு முறை எங்கள் வேனே வந்தது. என்னோடு வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி அக்காவைப் பார்த்துக்கொள்ளும் நர்சாக வந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில், கருணைக்கொலை என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைக் கேட்காத வாரம் கிடையாது. பொன்னமராவதிப் பக்கம் ஒரு வீட்டில் மகன் எங்களை வழியனுப்ப வருகிற மாதிரி வேன் வரைக்கும் வந்து, “இதுக்குன்னு ஒரு ஊசி இருக்காமே சிஸ்டர்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். சில சமயம் நோயாளியே கேட்பார். நம் நாட்டில் அப்படி ஊசி போடுவது குற்றம். பிழைக்க வழியில்லாதபோது செயற்கை மூச்சையும் கருவிகளையும் நிறுத்த மட்டும், விதிமுறைப்படி, இடம் உண்டு. இதையெல்லாம் நான் பொறுமையாக, மனப்பாடமாக, எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். வலியைக் குறைத்துவிட்டால் அவரே கேட்க மாட்டார் என்றும் சேர்த்துச் சொல்வேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

வேனில் திரும்பும்போது எங்களுக்குள் பேசிக்கொள்வோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த புஷ்பம் சிஸ்டர் ஓய்வு பெறும்வரை ஒரே பேச்சுதான் பேசினார்: நாம் எடுக்க வேண்டியது வலியை, ஆளை அல்ல. பாண்டிச்செல்வி வேறு மாதிரி. சட்டம் வந்தால் நல்லது, நானாக இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வேன், ஆனால் ஊசியை என் கையில் கொடுக்காதீர்கள், டாக்டரே போடட்டும் என்பாள். புஷ்பம் சிஸ்டருக்கு அது கேட்கப் பொறுக்காது. நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், உயிர் சொந்த வீட்டில் போகட்டும் என்று குடும்பத்தார் நோயாளியைக் கொண்டுபோவார்கள். மூச்சுக்குழாய் வாயில் இருக்கும். ஆம்புலன்சில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து, காற்றுப் பையை (குழாயில் மாட்டிக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ரப்பர் பை) வீடு வரைக்கும் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனேன். ஆளை இறக்கிக் கட்டிலில் கிடத்தினோம். எல்லாரும் வந்து பார்த்தார்கள். மூத்த மகன் என்னைப் பார்த்து, “போதும் சிஸ்டர், விட்டுருங்க” என்றார்.

விட்டேன். கையை எடுத்தேன், குழாயை உருவினேன். ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, மோர்கூடக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் டிரைவரோடு பரோட்டா சாப்பிட்டேன், அதுவும் நன்றாக இறங்கியது. அதன் பிறகு ஒரு வாரம் வலது கை என்னுடையதாக இல்லை. அதை நான் யாரிடமும், அக்காவிடம்கூட, சொன்னதில்லை.

ஆவூர் வீட்டில் முதல் மூன்று வாரம் சமாளித்தோம். வயிற்றில் நீர் கோத்தபோது வேன் வந்து வடித்துவிட்டுப் போனது. வலிக்கு மார்பின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி நிவாரணி, கடுமையான புற்றுநோய் வலிக்கு முதன்மையான மருந்து) நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு என்று ஒரு நாளைக்கு ஆறு. நான்தான் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

ஒரு காலையில் முகம் துடைத்துவிடும்போது அக்கா கேட்டாள். அவள் வகுப்பில் கேள்வி கேட்கும் குரல்.

“எத்தனையோ பேருக்கு நல்ல சாவு வாங்கிக் குடுத்திருக்கேன்னு பெருமையாச் சொல்லுவியேடி. எனக்கு மட்டும் என்ன, ரேசன் கடை வரிசையா?”

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. மாத்திரை கூடினால் தூக்கம் வரும், இன்னும் கூடினால் மூச்சு நிற்கும், அதை டீச்சருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்றாள். மாத்திரை உன் கையில்தானே இருக்கிறது என்றாள். கோயில் சாமியாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். என்னிடம் இருந்த கடைசி ஆயுதம் அது.

“பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். அப்படிக் கேக்குறதே தப்புன்னாரு. கேட்ட தப்புக்கு அபராதச் செபமும் சொல்லி முடிச்சிட்டேன். இனி ஒம்பாடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிணற்றடிக்குப் போய்த்தான் அழுதேன்.

சற்று நேரத்தில் அருள் வீடியோவில் வந்தான். விடுப்புக் கிடைத்துவிட்டது, ஐந்து நாளில் வருகிறேன் என்றான். “சித்தி, நான் வர்ற வரைக்கும் அம்மா பேசுற மாதிரி இருக்கணும்” என்றான். இருப்பாள் என்று வாக்குக் கொடுத்தேன்.

காலை பத்து மணி மாத்திரையை அன்றுதான் முதல்முறையாகக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாக உடைத்தேன். பாதியைப் பொடித்துக் கொடுத்தேன். மீதிப் பாதி அடுத்த வேளைக்கு. மகன் வரும்போது தெளிவாக இருக்கட்டும், அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. தேனில் குழைத்தால் அரையும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அக்கா பேசவில்லை. மகனோடு பேசுவதற்காக நான் தெளிய வைத்த அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். துண்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டாள். பாத விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. வேறு எந்த வீடாக இருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இவருக்கு மருந்து போதவில்லை என்று சொல்லியிருப்பேன். இங்கே நோய் முற்றுகிறது என்றேன். மாத்திரையைத் தொடும்போதெல்லாம், மாத்திரை உன் கையில்தானே இருக்கிறது என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. முழு மாத்திரை என்றால் வலது கை டப்பாவிலேயே நின்றது. அரை மாத்திரை என்றால் அந்தக் கை மறுக்கவில்லை.

நாலு நாள். இருபத்துநாலு வேளை.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. பாண்டிச்செல்வி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணினாள். போகிற வீட்டிலெல்லாம் மார்பினை எண்ணுவது எங்கள் வழக்கம். பல வீடுகளில் மீதம் அதிகமாக இருக்கும். மாமியாருக்கு அது விஷம் என்று பயந்து மருமகள் பாதியாகக் குறைத்திருப்பாள். நீ வலியைக் குறைக்கவில்லையம்மா, மருந்தைக் குறைக்கிறாய் என்று எத்தனை மருமகள்களை நானே கடிந்திருக்கிறேன். இப்போது பன்னிரண்டு மாத்திரை அதிகமாக இருந்தது.

என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். மகன் வருகிறான், தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சிஸ்டர், நீங்க அவங்களக் காப்பாத்துறீங்களா, ஒங்களக் காப்பாத்துறீங்களா?”

பாண்டிச்செல்வி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். சட்டம் வந்தால் நல்லது என்று சொல்கிறவள். அவளைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு உயிரின் அருமை தெரியவில்லை என்று நான் உள்ளுக்குள் நினைத்த நாட்கள் உண்டு. வெட்கமாக இருந்தது. அவள் எங்கள் பிரிவு டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. முழு மாத்திரை கொடுங்கள், வலி ஏறிவிட்டிருப்பதால் இன்று இடையில் ஒன்று கூடுதலாகவும் கொடுக்கலாம், இந்த அளவு உயிரை எடுக்காது, உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர் என்றார். எனக்குத் தெரியும். தெரிந்தது என் தலைக்கு, கைக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாரையாவது படுக்கையில் வைத்திருந்தால், இந்த இடத்தை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்பின் சாவைக் கொண்டுவருவதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு, கேளுங்கள். பயந்தால் பயமாக இருக்கிறது என்று வருகிற நர்சிடம் சொல்லுங்கள். என்னைப் போல் தேனில் குழைத்து மறைக்காதீர்கள்.

மறுநாள் காலை அக்காவின் பாத விரல்கள் நேராகின. துண்டைக் கேட்டு வாங்கி முகத்தைத் தானே துடைத்துக்கொண்டாள். நீராகாரம் நாலு மடக்குக் குடித்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வலி போய்விட்டது, இனி அந்தக் கேள்வியும் போய்விடும் என்று நம்பினேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உண்மையைச் சொன்னேன். நாலு நாள் அரை மாத்திரைதான் கொடுத்தேன், பயந்துவிட்டேன் என்றேன்.

அவள் துண்டை மடித்துக் கட்டிலோரம் வைத்தாள்.

“நான் சாகக் கேட்டேன்டி. நீ வலியக் குடுத்திருக்க.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே இன்னொன்றும் சொன்னாள். வலி போனதால் கேட்டதை மாற்றிக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே, வலிக்காக மட்டும் நான் கேட்கவில்லை. எனக்குப் போதும், அவ்வளவுதான் என்றாள். இத்தனை வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொன்ன பதிலில் அதற்கு இடமில்லை.

அன்று பிற்பகல் அருள் பெட்டியோடு வந்து இறங்கினான். அக்கா அவனோடு பேசினாள், தெளிவாகவே பேசினாள், முழு மாத்திரையோடு. சாயந்தரம் நான் தேனைக் குழைக்க எழுந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

“இனிமே மாத்திரைய அருள் குடுக்கட்டும்.”

அருளுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி நர்சு, நான் குடுத்தா சரியா வருமா என்றான். நான்தான் அவனுக்குப் பொடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அவன் போனில் ஆறு வேளைக்கும் அலாரம் வைத்துக்கொண்டான். வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் மாதிரி நான் அடுக்களையில் நின்றேன். ஏன் என்று அவனிடம் நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் அக்கா என் முகம் பார்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “நர்சு பாத்தது போதும், இங்கிட்டு வந்து ஒக்காரு” என்றாள். முளைத்திருந்த கொஞ்சம் முடியை வாரிவிட்டேன். நகம் வெட்டிவிட்டேன். சின்ன வயதில் நான் எவ்வளவு அழுகுணி என்று அருளிடம் சொல்லிச் சிரித்தாள். சாமியார் வந்து நோயில் பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் கத்தோலிக்கச் சடங்கு) கொடுத்துவிட்டுப் போனார். என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாத்திரை மட்டும் கடைசிவரை என் கையில் வாங்கவில்லை.

அருள் வந்த பதினோராம் நாள் மதியம். காலையிலிருந்தே நினைவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது (சாவை நெருங்கும்போது சில மூச்சு, நீண்ட இடைவெளி, மறுபடி சில மூச்சு என்று வரும்). இரண்டு மணிக்கு அருளின் அலாரம் அடித்தது. கொடுக்கலாமா சித்தி என்று கேட்டான். நினைவில்லாவிட்டாலும் வலி இருக்கும், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்குள் தடவு என்றேன். தடவினான். இரண்டு நாற்பதுக்கு ஓர் இடைவெளி வந்தது. அடுத்த மூச்சுக்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அது வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அருள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பாதி அடுக்கியவன் என்னிடம் வந்தான்.

“சித்தி, நான் குடுத்த மாத்திரையாலயா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. நோய்தான் கொண்டுபோனது, மருந்து போகிற வழியை இலகுவாக்கியது. எத்தனையோ மகன்களுக்குச் சொல்லி அவர்கள் தலையசைக்கப் பார்த்திருக்கிறேன். அவனிடமும் சொன்னேன். உண்மையும் அதுதான். அவனும் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை நான் எவ்வளவு சுலபமாக நம்பி வேனில் ஏறியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

வீட்டில் நடக்கிற ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் கடைசியாக ஒரு மாத்திரை இருக்கும். அதை யாராவது ஒருவர் கொடுத்திருப்பார். அந்த ஒருவராக இருக்கப் பயந்து நான் மாத்திரையை உடைத்தேன், அக்கா வலியில் கிடந்தாள், அந்த மாத்திரை கடைசியில் அருள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடும்பாளூரையும் சொன்னேன். “அது நான் குடுத்திருக்க வேண்டிய மாத்திரைப்பா” என்றேன். அவன் மீதி நாற்காலிகளை அடுக்கப் போனான்.

கேட்டு வாங்கிக்கொள்ளும் சாவைப் பற்றி உன் கருத்து என்ன என்று இப்போது யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். புஷ்பம் சிஸ்டர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா கேட்டது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஊசியைப் போடவா வேண்டாமா என்று எல்லாரும் பேசுகிறார்கள். போடுகிற கை பிறகு எங்கே போகும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேன் வரைக்கும் வருகிற மகனிடம் இப்போது பழைய பதிலை ஒப்பிப்பதில்லை. மாத்திரை யார் கொடுக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறேன். வேன் தாமதமாகிறது என்று டிரைவர் முணுமுணுக்கிறார்.

அருள் குவைத்துக்குப் போய் ஏழு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். போன மாதம் பேசும்போது, அவன் போனில் அலாரம் அடித்தது கேட்டது. என்னப்பா என்றேன். ரெண்டு மணி அலாரம் சித்தி, இன்னும் எடுக்கல என்றான். அங்கே இரண்டு மணி என்றால் நமக்கு நாலரை.

மதியம் இரண்டு மணிக்கு, எந்த வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும், என் வலது கை ஒரு கணம் நின்றுவிடும். அது எனக்குப் பழகிவிட்டது. இப்போது நாலரைக்கும் நிற்கிறது.